என் கைக்கு ஏற்ற வில்

வில் என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? மிதிலையில் இராமன் ஒடித்த வில், அருச்சுனனின் காண்டீபம். எளியவரால் தூக்கவும் முடியாதவை! கதை கேட்டு வளர்ந்த எனக்கும் கனமான வில்தான் வீரம் என்று பட்டது. அந்த எண்ணத்துக்கு நான் கொடுத்த விலை 900 ரிங்கிட்டும் ஒரு வலது தோளும்.

முதலாமாண்டில் பல்கலைக்கழக வில்வித்தைக் கழகத்தில் சேர்ந்தேன். ஒலிம்பிக் போட்டியில் இலக்கு 70 மீட்டர் தொலைவில் இருக்கும். அதன் விட்டம் 122 செ.மீ.; பத்துப் புள்ளி தரும் நடுவட்டமோ 12.2 செ.மீ. மட்டுமே. அந்தச் சின்ன வட்டம் என்னை மயக்கிவிட்டது. சொந்த வில் வேண்டும் என்று துடித்தேன்.

"முதல்ல 22 பவுண்டு வாங்கு தம்பி" என்றார் பயிற்சி தந்த மூத்த மாணவியான அக்கா. பவுண்டு என்பது வில்லின் எடையன்று; நாணை இழுக்கத் தேவையான விசை. நான் கேட்கவில்லை. கல்விக் கடனில் மிச்சம்பிடித்து, பல இரவுகள் மேகி மீயோடு படுத்து, 38 பவுண்டு பழைய வில் ஒன்றை வாங்கினேன்.

வில்லில் எழுதியிருப்பது 28 அங்குலம் இழுக்கும்போது உள்ள விசை. அதற்குமேல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறக்குறைய 2 பவுண்டு கூடும். என் கை நீளம். 30 அங்குலம் இழுப்பேன். ஆக, 42 பவுண்டு! ஒரு சுற்றுக்கு 72 அம்பு. வில்லை வானத்தை நோக்கித் தூக்கித்தான் இழுக்க முடிந்தது. ஒரே மாதத்தில் தலைசீவக் கூடக் கை எழவில்லை. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் பேருந்து புறப்பட்டபோது, விடுதி வாசலில் நின்று கையசைத்தேன், இடக்கையால்.

விடுமுறையில் வீட்டுக்குப் போனேன். இருபது ஆண்டுகள் பால்மரம் சீவிய அம்மா என் தோளில் தைலம் தேய்த்தபடி சொன்னார்: "ஆழமா சீவினா பாலு கூட வராதுடா. மரந்தான் காயப்படும்."

திரும்பி வந்ததும் அக்காவிடம் போனேன். அவர் திட்டவில்லை. ரைசர் எனப்படும் நடுப்பகுதியை வைத்துக்கொண்டு, லிம்ப் எனப்படும் மேல், கீழ்க் கைகளை மட்டும் 22 பவுண்டுக்கு மாற்றச் சொன்னார். அம்புகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. மெல்லிய வில்லுக்கு விறைப்பான அம்பு பொருந்தாது. வலக்கையால் இழுக்கும் எனக்கு அது இடப்பக்கமாக விலகிப் போகும். 18 மீட்டரில் மீண்டும் அரிச்சுவடி தொடங்கியது.

புதிதாக வில் வாங்க நினைக்கும் தம்பி தங்கையரே! முதலில் உங்கள் இழுப்பு நீளத்தை அளந்துகொள்ளுங்கள். எந்தக் கண் உங்களுக்கு ஆளும் கண் என்று பாருங்கள். லிம்ப் மாற்றக்கூடிய ரைசராக வாங்குங்கள். விரலுறைக்கும் கைக்காப்புக்கும் கஞ்சத்தனம் வேண்டாம். வில்லை நேரே நீட்டி, நடுங்காமல் இழுத்து நிறுத்த முடிகிறதா? அதுவே உங்கள் வில்.

வள்ளுவர் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். தேர்வுக்காக மனனம் செய்த அதை எனக்குப் புரியவைத்தது என் தோள்தான்.

இப்போது மூன்றாமாண்டு. படிப்படியாக 32 பவுண்டுக்கு வந்திருக்கிறேன். சென்ற மாதம் முதன்முறையாக 70 மீட்டரில் நின்றேன். ஆறு அம்புகளில் மூன்று இலக்கில் தைத்தன. நடுவட்டத்தில் ஒன்றுமில்லை. ஆனால், தோள் வலிக்கவில்லை.