கலியாணத் தரகும் கள்ள நோக்கமும்

“ஆயிரம் பொய் சொல்லியேனும் ஒரு கலியாணத்தை முடித்து வை” என்னும் பழமொழி நம் மக்களின் நாவில் வெகு காலமாய் வழங்கி வருகின்றது. அது பொய்யன்று, ஆயிரம் முறை ‘போய்ச் சொல்லி’ என்பதன் சிதைவே என்று நயம் கற்பிப்போரும் உளர். உரை எதுவாயினும் ஆகுக. புக்கிட் செலம்பாவைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும், சுங்கை பட்டாணி போன்ற பட்டணங்களிலும் நடைபெறும் சம்பந்தப் பேச்சுக்களைக் கண்டவர்கள், முதற் பாடமே நடைமுறையில் இருப்பதை மறுக்கமாட்டார்கள். நாம் இங்கு ஆராயப் புகுவது அப்பொய்களையன்று. அவற்றைச் சொல்லுகிறவனுடைய உள்நோக்கத்தையே.

இந்நோய் நேற்றுத் தோன்றியதன்று. தமிழ்நாட்டினின்றும் கங்காணிகள் ஆள் திரட்டி வந்த காலத்தில், ஆட்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்து வந்தது. தோட்டங்களிலோ ஆண்கள் மிகுதி, பெண்கள் சொற்பம். தனி ஆள் இன்று இத்தோட்டம், நாளை வேறு தோட்டம் என்று போய்விடுவான்; குடும்பஸ்தனோ லயத்தைவிட்டு எளிதில் நகரான். ஆகவே கங்காணி ஒரு ஜோடியைச் சேர்த்து வைத்தால், பிரட்டில் இரண்டு தலைகள் நிலைத்தன. தகப்பன் ஸ்தானத்தில் நின்று தாலி எடுத்துக் கொடுத்தவருக்கும் அந்தத் தாலியில் வரும்படி இருந்தது என்பதே இதன் பொருள். 1938-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் இத்தகைய ஆள் ஏற்றுமதியைத் தடுத்து நிறுத்தினர். கங்காணி போனார், ‘உங்கள் நன்மைக்காகவே’ என்று சொல்லிக்கொண்டு வரும் தரகு மட்டும் போகவில்லை.

நிற்க. கிராணி வேலையில் இருப்பதால் நமக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பெண் வீட்டார் பையனைப்பற்றி விசாரிக்கக் கடைசியாக ஏறும் படி தோட்டத்து ஆபீஸ் படியே. அவன் சம்பளம் என்ன, முன்பணம் எவ்வளவு, எத்தனை நாள் வேலைக்கு வரவில்லை என்பதெல்லாம் நம் புத்தகத்தில் இருக்கின்றன. இதை அறிந்த தரகர்களும் முன்னதாகவே நம்மிடம் வந்துவிடுகிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன் அப்படி ஒருவர் வந்தார். பெண்ணுக்கு மாமன் முறை என்று சொல்லிக்கொண்டவர். “கிராணியாரே, நாளை பெண்ணின் தகப்பனார் வருவார், பையனைப்பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள்” என்றார். அப்பையனோ வேறொரு தோட்டத்தில் ஒரு பெண்ணுக்குக் கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்டு வந்தவன். அவள் கைக்குழந்தையோடு நம் ஆபீஸ் வாசலில் நின்று, அவன் சம்பளத்தில் பாதியேனும் கேட்டுப் போனதை நாமே கண்டிருக்கிறோம். அதைச் சொன்னபோது, “பதியாத தாலிக்குக் கணக்கேது?” என்று சிரித்தார் அம்மனிதர். சம்பள நாள்தோறும் அப்பையனிடம் கடன் வசூலிக்க வருகிறவரும் அவரேதான். பெண் வீட்டுப் பணத்தைக் கொண்டு தம் கடனைத் தீர்த்துக்கொள்ளவே மாமன் முறை பிறந்தது!

மறுநாள் தகப்பனார் வந்தார். பையனையும் அழைத்து உட்கார வைத்து, நாம் கண்டதை மட்டும் அவன் முன்னிலையிலேயே சொன்னோம். அவன் மறுக்கவில்லை. சம்பந்தம் நின்றது. பின்னொரு நாள் அத்தகப்பனார், தம் மகள் கேட்டதை நம்மிடம் கூறினார். சுங்கை பட்டாணியில் தொழிற்சாலை வேலை பார்க்கும் அப்பெண், “அப்பா, நாலு பேர் கூடி என் கலியாணத்தைப் பேசினீர்கள்; நாலு பேர் கூடி நிறுத்தினீர்கள்; நடுவில் என்னை ஒருவரும் கேட்கவில்லையே” என்றாளாம். இதற்கு அவரிடம் பதில் இல்லை.

கூட்டி வைப்பவனிடம் மட்டுமா கள்ள நோக்கம் இருக்கிறது? கலைப்பவனிடமும் உண்டு. மொட்டைக் கடிதம் எழுதுகிறவன், தன் மகளுக்கு அந்த மாப்பிள்ளையை எண்ணியிருப்பான்; அல்லது பழைய பகையைத் தீர்த்துக்கொள்வான். அவனும் ‘உண்மையைச் சொல்லுகிறேன்’ என்றே தொடங்குகிறான்.

தரகுக்கென்றே விதி வகுத்த வேறொரு பழஞ் சமூகத்தைச் சற்று நோக்குவோம். வைதீக யூதர்களிடையே மணம் பேசி முடிப்பவருக்கு ‘ஷாத்கன்’ என்று பெயர். அவரை வணிகத் தரகரைப்போலவே கருதி, அவருக்குக் கூலி உண்டு என்று அவர்களுடைய சமயச் சட்டம் கூறுகின்றது. இஸ்ராயேல் மேயிர் ககன் என்னும் யூத குரு 1873-ல் வெளியிட்ட ‘ஹாஃபேட்ஸ் ஹாயிம்’ என்னும் நூல், மணம் பேசுமிடத்தில் ஒருவன் குறையை வெளியிடுவதற்கும் நிபந்தனைகள் விதித்தது: மிகைப்படுத்தலாகாது, பகைமையால் பேசலாகாது, கேட்பவன் நன்மையே நோக்கமாயிருக்க வேண்டும். அங்கும் வஞ்சகம் இல்லாமலில்லை. இருந்ததனாலேயே விதி வேண்டியதாயிற்று. ஆனால் பகிரங்கமாய்க் கூலி வாங்குகிறவனைப் பொய்க்குப் பொறுப்பாளி ஆக்கலாம். உறவு முறை சொல்லிக்கொண்டு வருகிறவனை யார் கேட்பது?

சட்டம் இருக்கின்றதே என்பர் சிலர். 1976-ம் வருஷத்துத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் அமுலில் இருக்கின்றது. முஸ்லிம் அல்லாதார்க்கு ஒருதார மணத்தையும் பதிவையும் அது கட்டாயமாக்கிற்று. மண அறிவிப்பைப் பதிவாளர் பகிரங்கமாய் ஒட்டி வைக்கிறார்; ஆட்சேபிப்பவர் ஆட்சேபிக்கலாம். நல்ல ஏற்பாடே. ஆயினும் பதியாத தாலி அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது. தரகனுடைய கடன் கணக்கும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுவதில்லை.

ஆதலின் பெற்றோர்களே, சம்பந்தம் கொண்டு வருகிறவரையும் சரி, வேண்டாமென்று தடுக்கிறவரையும் சரி, “இதில் தங்களுக்கு என்ன லாபம், ஐயா?” என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவாகாது. நல்லவர் பதில் சொல்லுவார், மற்றவர் கோபிப்பார். அதற்கும் முன்னதாக, வீட்டுக்குள்ளே சென்று, மணக்கப் போகிற பெண்ணுக்கு அறிந்ததனைத்தையும் சொல்லி, அவள் சம்மதத்தைக் கேளுங்கள். இவ்விவகாரத்தில் லாபமோ நஷ்டமோ முழுவதையும் வாழ்நாள் எல்லாம் சுமக்கப் போகிறவள் அவளே அல்லவா?