காரையில் கண்ட கடல்

எங்கள் கொமரலிங்கத்தில் அமராவதிக் கரையை எவ்வளவு தோண்டினாலும் கல்லாய்ப் போன கிளிஞ்சல் ஒன்றும் அகப்படாது. அங்குள்ள பாறைகள் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. ஆகவே, கல் பொறுக்கும் பித்துப் பிடித்த நாங்கள் நால்வரும் பெரம்பலூர் ஜில்லாவிலுள்ள காரை கிராமத்துக்குப் பிரயாணமானோம்.

ஊருக்கு அப்பால் மழை அறுத்த ஓடைகள். எங்கும் ஜிப்சத் தகடுகள் கண்ணாடிச் சில்லுகளைப்போல் மின்னுகின்றன. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இது சமுத்திரம்! குனிந்து தேடினால் துப்பாக்கித் தோட்டாவை ஒத்த கற்கள் கிடைக்கின்றன. கணவாய் மீனுக்குப் பூர்விக உறவான பெலம்னைட் என்னும் பிராணியின் உள்ளோடு அது. சுருண்ட அம்மோனைட்டோ நம் பூஜையறைச் சாளக்கிராமத்தின் ஜாதி. அதைக் கண்டதும் எங்களில் மூத்தவர் செருப்பைக் கழற்றிவிட்டார்.

1840-களில் கே, கன்லிப் என்ற ஆங்கிலேயர் இருவர் திருச்சி, விருத்தாசலம், புதுச்சேரிப் பக்கங்களில் சேகரித்தவை கப்பலேறி லண்டன் சேர்ந்தன. நல்ல வேளை, காரைக்கு அருகே சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் கல்மரம் கப்பலேறவில்லை. 1940-ல் அதை உலகறியச் செய்தவர் நம்மவரான டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன்; 1951-ல் இந்திய பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவின் முதல் இந்திய டைரக்டரானவர்.

அம்மோனைட்டை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றார் மூத்தவர். எந்த அடுக்கில் கிடந்தது என்பதை இழந்த கல் ஊமைக் கல் என்று மற்றவர்கள் வாதாடினோம். வழக்கு ஒரு மணி நேரம் நீடித்தது. முடிவில் அளந்து, படம் பிடித்து, கிடந்த இடத்திலேயே வைத்தோம். பஸ் வரும்வரை அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.