வரிகளுக்கு நடுவே நான்கு பெயர்கள்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலோரத்தில் லிண்டிஸ்ஃபார்ன் என்று ஒரு சின்னத் தீவு. கடல் உள்வாங்கும்போது கரையிலிருந்து நடந்தே போய்விடலாம். நீர் ஏறிவிட்டால் வழி மூடிக்கொள்ளும். அங்கிருந்த மடத்தில் சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு புத்தகம் உருவானது. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என நான்கு நற்செய்திகளையும் லத்தீனில் கையாலேயே எழுதி, வண்ணம் தீட்டிய புத்தகம் அது.

பதப்படுத்திய கன்றுத்தோலில் 250-க்கும் மேற்பட்ட தாள்கள். சில பக்கங்களில் எழுத்தே இருக்காது. கம்பளம் விரித்ததுபோல முழுக்கச் சித்திர வேலைதான். வெறும் பின்னல் கோடுகள் என்று நினைத்து உற்றுப் பார்த்தால், ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கும் பறவைகளும் விலங்குகளும் தெரியும். அதிலுள்ள நீலத்தை, ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த விலையுயர்ந்த கல்லை அரைத்து எடுத்த வண்ணம் என்றே வெகுகாலம் நம்பினார்கள். சோதித்துப் பார்த்தபோது, அது செடியிலிருந்து எடுத்த சாயம் என்று தெரியவந்தது.

793-ல் வைக்கிங் கொள்ளையர்கள் தீவைச் சூறையாடினார்கள். ஆபத்து ஓயவில்லை. 875-ல் துறவிகள், தங்கள் புனிதர் கத்பர்ட்டின் உடலைச் சுமந்துகொண்டு தீவை விட்டே கிளம்பினார்கள். அப்போது கடலில் புயல் அடித்து, ஒரு நற்செய்தி நூல் தவறி விழுந்ததாம். பிறகு கடல் உள்வாங்கியபோது, ஒரு பக்கம்கூடக் கெடாமல் மணலில் கிடைத்ததாம். அது இந்தப் புத்தகம்தான் என்பது மரபாகச் சொல்லப்படும் கதை.

பத்தாம் நூற்றாண்டில் அந்தத் துறவிகளின் வழிவந்தவர்களோடு இருந்தவர், ஆல்ட்ரெட் என்ற பாதிரியார். அவர் செய்த காரியத்தை இன்று யாராவது செய்தால் நூலகத்தில் அலாரம் அடிக்கும்! அந்த அழகான லத்தீன் வரிகளுக்கு நடுவே, பொடி எழுத்தில், ஒவ்வொரு சொல்லுக்கும் பழைய ஆங்கிலத்தில் பொருள் எழுதினார். நான்கு நற்செய்திகளுக்கும் ஆங்கிலத்தில் இன்று கிடைப்பவற்றில் மிகப் பழைய மொழிபெயர்ப்பு அதுதான்.

அதோடு நிற்கவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதி வைத்தார். ஈட்ஃப்ரித் என்ற ஆயர் எழுதினார், ஈதில்வால்ட் கட்டமைத்தார், பில்ஃப்ரித் என்ற துறவி பொன்னும் மணியும் பதித்து மேலட்டையை அலங்கரித்தார், நான்காவதாகத் தான் பொருள் எழுதியதாகச் சொல்கிறார் ஆல்ட்ரெட். புத்தகம் உருவாகி 200 ஆண்டுகளுக்கு மேல் கழித்து எழுதிய குறிப்பு என்பதால், அதை முழுதாக நம்பாத ஆய்வாளர்களும் உண்டு. ஆனால், அவர் எழுதாமல் விட்டிருந்தால், இத்தனை உழைப்பும் யாரோ பெயர் தெரியாதவர்கள் செய்ததாகவே போயிருக்கும்.

பில்ஃப்ரித்தின் பொன் அட்டை என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. இப்போதுள்ள அட்டை 19-ம் நூற்றாண்டில் போட்டது. பொன் போய்விட்டது. பொன்னைப் பதித்தவரின் பெயர் மட்டும், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள அந்தப் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது.

தன்னைத் தகுதியற்றவன் என்று எழுதிக்கொண்ட ஆல்ட்ரெட், பக்கத்திலேயே இன்னொன்றையும் சேர்த்திருக்கிறார். தான் ஒரு நல்ல பெண்மணியின் மகன் என்று!