நீலவானம் கேட்ட பெண்கள்

ஜப்பான் என்றதும் செர்ரிப் பூவும் கிமோனோவும்தான் நமக்கு நினைவுக்கு வரும். நான் போய்ப் பார்த்ததோ இரும்பும் கரியுமாக இருந்த ஓர் ஊர். ஃபுகுவோகாவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, "கோயில் பார்த்தது போதும்மா, ஒரு நாள் கிட்டாக்யூஷு போயிட்டு வரலாம்" என்றாள். புல்லட் ரயிலில் கொகுரா ஸ்டேஷனுக்குக் கால் மணி நேரம்தான்.

தொபாட்டாவிலிருந்து வகமாட்ஸுவுக்குப் படகில் டோக்காய் விரிகுடாவைக் கடந்தோம். மூன்றே நிமிடம்! தலைக்கு மேலே சிவப்பு நிறத் தொங்குபாலம். கீழே நல்ல தண்ணீர். 1960களில் இதற்கு 'சாவுக் கடல்' என்று பெயராம். ஆலைக் கழிவால் மீன் எதுவும் உயிரோடு இல்லை.

இங்கே யவாட்டாவில் 1901ல் அரசு உருக்காலை வந்தது. அதனாலேயே போரில் ஊருக்கு ஆபத்தும் வந்தது. 1944ல் குண்டுவீச்சு தொடங்கியது. 1945 ஆகஸ்ட் 9 அன்று இரண்டாவது அணுகுண்டு விழவேண்டிய இடமே கொகுராதான். மேகமும் புகையும் ஊரை மறைத்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

போர் முடிந்தபின் நாட்டை எழுப்ப இரும்பு வேண்டுமே! ஆலைகள் இரவு பகலாக ஓடின. வானத்தில் 'ஏழு வண்ணப் புகை' போவதை வளமையின் அடையாளமாக ஊரே கொண்டாடியது.

ஆனால் வீட்டில் துணி துவைக்கிறவளுக்குத்தானே தெரியும்? கொடியில் போட்ட வெள்ளைத் துணி கறுத்து வந்தது. குழந்தைகள் இருமின. தொபாட்டாவின் மாதர் சங்கங்கள் 1950லேயே கிளம்பிவிட்டன. வெறும் கூச்சல் இல்லை, பாருங்கள். துணியை வெளியே தொங்கவிட்டு, படியும் கரியைச் சோதித்தார்கள். எந்தப் பள்ளியில் எத்தனை குழந்தைகள் வரவில்லை என்று கணக்கெடுத்தார்கள். பேராசிரியர் ஒருவரிடம் பாடமும் கேட்டுக்கொண்டார்கள். 1965ல் 'நீலவானம் வேண்டும்' என்று 8 எம்.எம். சினிமாப் படம்கூடத் தாங்களே எடுத்தார்கள்!

இதில் பெரிய சங்கடம், பலருடைய கணவன்மார் அதே ஆலைகளில்தான் வேலை பார்த்தார்கள். சம்பளம் வரும் இடத்தைக் குறை சொன்னால் அடுப்பு எரியுமா? அந்தப் பயத்தோடுதான் பேசியிருக்கிறார்கள். ஆலையை மூடு என்று கேட்கவில்லை. புகையை வடிகட்டு என்றுதான் கேட்டார்கள். அவர்கள் சாமர்த்தியம் அங்கேதான் என்று எனக்குப் படுகிறது.

பிறகு நகராட்சியும் ஆலைகளும் ஒப்பந்தம் போட்டன. 1974-75ல் விரிகுடாவின் அடியிலிருந்து பாதரசம் கலந்த சேற்றை 3.5 லட்சம் கன மீட்டர் அள்ளினார்கள். செலவில் சுமார் 70 சதவீதம் ஆலைகளின் தலையில். 1972 முதல் 1991 வரை காற்றையும் நீரையும் சுத்தம் செய்ய அரசும் ஆலைகளும் போட்ட பணம் 80,000 கோடி யென்னுக்கு மேல். இன்று விரிகுடாவில் நூற்றுக்கு மேற்பட்ட வகை மீனும் பிற உயிர்களும் இருக்கின்றன.

எல்லாமே இனிப்பு என்று சொல்லமாட்டேன். உருக்காலையில் வேலை சுருங்கியது. 10 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை அதற்குக் கீழே இறங்கிவிட்டது. அதனால்தான் 1997ல் கடலைத் தூர்த்த நிலத்தில் 'ஈகோ டவுன்' ஆரம்பித்தார்கள். பிளாஸ்டிக் பாட்டில், பழைய ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கார் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி மூலப்பொருளாக்கும் தொழிற்சாலைகள். நம்மூர்ப் பழைய பேப்பர்காரர் நமக்குக் காசு கொடுப்பார். அங்கே ஃப்ரிட்ஜைத் தூக்கிப் போட நாம்தான் காசு கட்டவேண்டும். மகள் அந்த ரசீதை எடுத்துக் காட்டியபோது எனக்கு மனசே ஆறவில்லை.