தலைப்பைக் கேள்வியாக்குதல்

மாணவர் ஆய்வுத் திட்டத்துக்கு வழிகாட்டுவதில் கடினமான வேலை ஒன்றே ஒன்றுதான்: தலைப்பைக் கேள்வியாக்குவது. அன்றன்று செய்ததைக் குறித்துவைக்கும் லாக் புக் எழுதுவது, ஒரு மாறியை மட்டும் மாற்றுவது, வரைபடம் போடுவது எல்லாம் அதன் பிறகு தாமாக அமையும். 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் வழிகாட்டி ஆசிரியர்கள் வழக்கமாக இடறும் படி இது.

பிள்ளைகள் முதலில் கொண்டுவருவது ‘நீர் மாசுபாடு’, ‘புவி வெப்பமாதல்’ போன்ற பாடத் தலைப்புகளை. அவற்றில் கைவைத்து அளக்க எதுவும் கிடைக்காது. காலையில் எழுந்ததிலிருந்து முதல் மணி அடிப்பதற்குள் எது எரிச்சல் மூட்டியது என்று கேட்டால்தான் சொந்த விஷயம் வெளியே வரும்: ஒழுகும் குழாய், தோளை அறுக்கும் பை, நிற்காமல் போகும் பேருந்து. ஒழுகும் குழாயும் இன்னும் தலைப்புத்தான். பள்ளியில் எவ்வளவு நீர் வீணாகிறது என்பது பாதிக் கேள்வி. எந்தக் குழாய், எந்த நேரம், எதைக் கொண்டு அளப்பது என்பதும் சேர்ந்தால் முழுக் கேள்வி. இந்த இடத்தில் ஆசிரியர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். கேள்வியை அவரே எடுத்துக்கொடுத்தால் நேரம் மிச்சமாகும், திட்டம் அவருடையதாகிவிடும். இந்த மௌனம் எந்தப் பயிற்சி முகாமிலும் கைவராது.

பிள்ளைகள் சிக்கி நிற்கும்போது கைகொடுப்பது, கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945-இல் ‘ஹவ் டு சால்வ் இட்’ நூலில் சொன்ன வழி: பெரிய கணக்கு மசியாவிட்டால் அதே சாயலில் சிறிய கணக்கைப் போட்டுப் பார்ப்பது. பள்ளி முழுவதையும் விட்டு ஒரு குழாயை எடுக்கலாம். ஏறத்தாழ 20 சொட்டு 1 மில்லிலிட்டர். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 86,400 சொட்டு. அதாவது 4 லிட்டருக்கு மேல். வாளி வைத்து அளந்தால் கணக்கு பெரும்பாலும் இடிக்கும். தொட்டி நிறைந்திருக்கையில் ஒழுக்கு கூடும், நீர்மட்டம் இறங்கினால் குறையும். இடிக்கும் அந்த எண்ணிலிருந்துதான் அடுத்த கேள்வி பிறக்கிறது.

இந்தப் பழக்கம் மாநாட்டு மேடையோடு முடிவதில்லை. பள்ளிப்பைக் கொள்கை 2020, பையின் எடை உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. 40 கிலோ மாணவருக்கு 4 கிலோ. ஒரு வாரம் பையை நிறுத்து எழுதினால் எந்தக் கிழமை கனக்கிறது என்பது தெரியும். தலைமையாசிரியரிடம் போகும்போது புலம்பலுக்குப் பதில் எண் கையில் இருக்கும். ‘எனக்குக் கணக்கு வராது’ என்பதும் ஒரு தலைப்புத்தான். திருத்திய விடைத்தாள்களை வரிசையாக வைத்து எந்த வரியில் பிசகுகிறது என்று பார்த்தால் அது கேள்வியாகும். பல வேளைகளில் பிசகு கழித்தல் குறியில்தான் இருக்கும்.

இன்று தலைப்பைக் கேள்வியாக்கும் வேலைக்குக் கால அட்டவணையில் ஒரு பீரியட் கூடக் கிடையாது. ஜெராக்ஸ் கடையில் ப்ராஜெக்ட் ஆயத்தமாகக் கிடைக்கிறது. கைப்பேசியைக் கேட்டால் தலைப்பு, முடிவுரை இரண்டும் ஒரே நிமிடத்தில் வருகின்றன. அளவெடுக்காத அட்டவணைக்கும் மதிப்பெண் விழுகிறது. தெர்மாகோல் மாதிரியில் விளக்கு எரிந்தால் நின்று பார்க்கும் நடுவர்கள், அடித்துத் திருத்திய லாக் புக்கைப் புரட்டாமலே நகர்ந்துவிடுகிறார்கள். நடுவராகப் போகிறவர்கள் முதலில் அந்த லாக் புக்கைக் கேட்டு வாங்கட்டும். மாதிரியைப் பிறகு பார்க்கலாம்.