ஆமை முதுகில் ஒரு தோட்டம்

திண்டுக்கல்லில் கடல் கிடையாது. மலைக்கோட்டையின் உச்சியில் ஏறி நின்று நாலு திசையும் நோக்கினாலும் தென்படுவது சிறுமலையும், வறண்ட கண்மாய்களும், புன்செய்க் காடுகளுமே. இத்தகைய ஊரில் உபாத்தியாயத் தொழில் செய்யும் நமக்குக் கடலாமையைப் பற்றி என்ன கவலை என்று நேயர்கள் கேட்கலாம். 2025-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் சென்னைக் கரையோரமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கிய செய்தியை வகுப்பில் படித்துக் காட்டியபோது, நம் மாணாக்கன் ஒருவனும் அதையேதான் கேட்டான். "எத்தனை உயிர் போயிற்று, சொல் பார்ப்போம்" என்றோம். "ஆயிரம், ஸார்" என்றான். கணக்கு அங்கேதான் இடிக்கிறது.

ஆமை ஓட்டின்மேல் படிந்த வழவழப்பைச் சிறிது சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், அங்கே ஒரு தோட்டமே தெரியும். டயாட்டம் என்னும் ஒற்றை உயிரணுப் பாசிகள் அவை. ஒரு மில்லிமீட்டர் இடத்தில் ஐம்பதை வரிசையாக நிறுத்திவிடலாம். ஒவ்வொன்றும் கண்ணாடிச் சத்தான ஸிலிகாவினால் தனக்கென ஓர் ஓடு செய்துகொள்கிறது. குங்குமச் சிமிழும் அதன் மூடியும் போல இரண்டு பாதிகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி நிற்கும். பிசின் போன்றதொரு பொருளைச் சுரந்து ஆமையைப் பற்றிக்கொள்கின்றன. பாசிக்கு வேண்டியது வெயில். ஆமையோ மூச்சு வாங்க மேலே வந்தே தீரவேண்டிய பிராணி. குடித்தனத்துக்கு இதைவிட நல்ல இடம் ஏது?

2015-ல், கோஸ்டாரிக்கா தேசத்தில் முட்டையிட வந்த இதே பங்குனி ஆமைகளின் முதுகிலிருந்து செலோனிகோலா, பூலினியா என்ற இரண்டு புதிய பேரினங்களை விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். ஆமைகளில் வாழும் டயாட்டங்களில் சில ஜாதிகள் பாறையிலும் மரக்கட்டையிலும் இதுவரை அகப்படவில்லை. நம் ஊர்ப் பூட்டு அயலார் சாவிக்கு இடங்கொடாதல்லவா? அந்த மாதிரி. நீலத் திமிங்கிலத்தின் வயிறு சில வேளை மஞ்சளாகத் தோன்றுவதும் டயாட்டங்களின் வேலையே. பழைய மாலுமிகள் அதைக் 'கந்தக வயிற்றுத் திமிங்கிலம்' என்று அழைத்தனர்.

பிராணிகளின்மேல் பாசி குடியேறுவது கடலுக்கு மட்டும் உரிய விந்தை அன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாசி ஆராய்ச்சியை வளர்த்த எம்.ஓ.பி. ஐயங்கார், கொசு ஆராய்ச்சியில் தேர்ந்த எம்.ஓ.டி. ஐயங்காருடன் சேர்ந்து, அனாபிலஸ் கொசுவின் புழுமேல் வளரும் பச்சைப் பாசி ஒன்றை 1932-லேயே உலகுக்கு விவரித்தார். வாசல் தொட்டியில் நெளியும் கொசுப்புழுவை அருவருப்பின்றிக் குனிந்து பார்த்த நம்மவரின் கண்ணுக்கு நாம் வணக்கம் செலுத்துகிறோம்.

ஆமைகளின் மரணத்துக்கு வருவோம். விசைப்படகின் இழுவலையில் சிக்கியது மேலே வர வழியின்றி மூச்சு முட்டி இறக்கிறது. ஆமை தப்பிச் செல்ல வாசல் வைத்த வலை உண்டு. கரையை ஒட்டிய கடலில் இழுவலை கூடாதென்று சட்டமும் உண்டு. வலைகளுக்கு வாசிக்கத் தெரியவில்லை போலும்! கரையில் ஒதுங்கிய உடல் வெயிலில் காயக் காய, அதன் முதுகுத் தோட்டமும் காய்ந்து பொடியாகி மணலோடு மணலாகிறது. எண்ணுகிறவர்கள் அதையும் சேர்த்து, 'ஆமை ஒன்று' என்று எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போகிறார்கள்.