முப்பது வயது முதுமையா?

பேஸ்போல் ஆட்டத்தைப் பார்ப்பதினும் அதன் கழகங்கள் செய்யும் ஆள்மாற்றங்களை ஆராய்வதிலேயே எனக்கு இன்பம் அதிகம். ஆட்டப் பருவம் முடிந்து அமெரிக்காவிற் குளிர் தொடங்கியதும் மைதானங்கள் உறங்கிவிடும். கழகக் காரியாலயங்களோ உறங்குவதில்லை. ஒரு வீரரைக் கொடுத்து வேறொருவரைப் பெறும் பண்டமாற்று அப்பொழுதுதான் மும்முரமாக நடைபெறும். அவற்றுள் என் உள்ளத்தை நெடுங்காலம் உறுத்திய ஒன்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

1965 ஆம் ஆண்டு திசெம்பர் 9 ஆந் திகதி, சின்சினாற்றி ரெட்ஸ் கழகம் பிராங் ரொபின்சனைப் பால்ற்றிமோர் ஓரியோல்ஸ் கழகத்துக்குக் கொடுத்து, மில்ற் பப்பாஸ் என்னும் பந்தெறிவீரரையும் வேறிருவரையும் பெற்றது. ரொபின்சன் அவ்வாண்டு 33 ஹோம் ரன்கள் அடித்தவர். எனினும், வயது முப்பதாகிவிட்டது, இனி இறங்குமுகமே என்று ரெட்ஸ் அதிபர் கருதினார்.

இதனை மடமை என்று ஒரே சொல்லில் ஒதுக்குவார் பலர். யான் அங்ஙனங் கூறேன். ரெட்ஸ் கழகத்தில் அடிப்பதற்கு ஆட்குறைவில்லை, எறிவதற்கே குறைவு. பப்பாஸ் 26 வயதினர். அவ்வாண்டு 13 ஆட்டங்களை வென்றவர். தேவையை அறிந்ததில் தவறில்லை. அதற்குக் கொடுத்த விலையிலேதான் தவறு.

1966 இல் ரொபின்சன் 49 ஹோம் ரன்கள் அடித்தார். அடிவிகிதம், ஹோம் ரன், அணிக்கு ஈட்டிக்கொடுத்த ஓட்டங்கள் ஆகிய மூன்றிலும் அமெரிக்கன் லீக்கின் முதலிடம் அவருக்கே கிடைத்தது. 1961 இல் நாஷனல் லீக்கின் அதிசிறந்த வீரர் விருதைப் பெற்றிருந்த அவர், இம்முறை அமெரிக்கன் லீக்கின் விருதையும் பெற்றார். இரண்டையும் பெற்றவருள் அவரே முதல்வர். ஓரியோல்ஸ் உலகத் தொடரில் லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜேர்ஸ் அணியை நான்கு ஆட்டங்களிலும் வென்று, முதன்முறையாக வாகை சூடியது. பப்பாஸோ 1968 இல் மீண்டும் வேறு கழகத்துக்கு மாற்றப்பட்டார்.

விளைவைக் கண்டபின் தீர்ப்புக் கூறல் எவர்க்கும் எளிது. மாற்றம் நிகழ்ந்த அன்று எது தெரிந்திருந்தது என்று வினவுவதே நேர்மை. அவ்வாறு வினவினும் ரெட்ஸ் அதிபர் தப்பார். அந்த 33 ஹோம் ரன்களும் அன்றே ஏட்டில் இருந்தன. அவர் பிறந்த ஆண்டை எண்ணினார். செய்துகாட்டிய வேலையை எண்ணினாரில்லை.

இவ்வாறு எழுதும் யானும் குற்றமற்றவனல்லேன். காரியாலயமொன்றில் ஆட்களைத் தெரிவுசெய்யும் பொறுப்பில் இருந்தபோது, அனுபவம் மிக்க ஒருவரின் விண்ணப்பத்தை வயதைப் பார்த்த மாத்திரத்தே ஒதுக்கிவைத்தேன். இளைஞரைச் சேர்க்கவேண்டும் என்ற என் நோக்கம் நியாயமானதே. ஆயினும் அவருடைய சான்றிதழ்களின் இரண்டாம் பக்கத்தை யான் புரட்டவேயில்லை. அவர் பின்னர் எங்குச் சென்றார், என்ன செய்தார் என்பதை அறியேன். ரெட்ஸ் கழகத்துக்கு அதன் பிழையை ஓராண்டுக்குள் உலகமே எடுத்துக் காட்டிற்று. எனக்கு அவ்வாறு காட்டுவார் எவருமிலர்; அதனாலேயே அப்பிழை இன்றும் என்னைச் சுடுகின்றது.